நான் எழுதியது நாலு, வந்தது பன்னிரண்டு

அமெரிக்கக் கால்பந்து காலால் ஆடுகிற ஆட்டமும் இல்லை, அதற்கு ஆரூடம் சொல்வது மூளையால் செய்கிற வேலையும் இல்லை. அந்த வேலையில் இருப்பவள் சொல்கிறேன், நம்புங்கள். பதுளைக் கடைவீதியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிற ஓர் அணி வருகிற சீசனில் எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்று எழுதுவதுதான் என் உத்தியோகம். மேலதிகாரி முகத்துக்காக உண்மையைக் கொஞ்சம் மடித்து எழுதியவர்கள், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் 'அடுத்த கப் நமக்குத்தான்' என்று கிரிக்கெட் பார்த்து ஏமாந்தவர்கள், எல்லோரும் என் இனம். உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

காலுக்கு வேலையில்லாத கால்பந்து

எங்கள் முதலாளி தயாபரன். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்குப் பதுளைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மகன் வாசலில் ஒரு கண்ணாடிக் கதவு போட்டு, நாலு கணினி வாங்கி வைத்து, அமெரிக்கக் கம்பெனி ஒன்றிடம் ஒப்பந்தம் பிடித்துவிட்டார். அந்தக் கம்பெனி ரசிகர்களுக்கான இணையத்தளங்கள் நடத்துகிறது. ஒவ்வோர் அணிக்கும் ஒரு தளம். சந்தா கட்டி வாசிக்கிற ரசிகர்கள். அவர்களுக்கு எழுத அங்கே ஆள் வைத்தால் கட்டுபடியாகாது, அதனால் நாங்கள் மூன்று பேர். எனக்குக் கிடைத்தது வடக்கே பனி கொட்டுகிற ஊர் ஒன்றின் அணி. வெகுகாலமாக எதையும் ஜெயிக்காத அணி. மற்ற இருவருக்கும் நல்ல அணிகள். கேட்டால், "நீர் தமிழிலையும் கெட்டிக்காரி, இங்கிலீசிலையும் கெட்டிக்காரி" என்று தயாபரன் சிரித்தார். கெட்டிக்காரிக்குக் கிடைக்கும் பரிசு எப்போதும் இப்படித்தான்.

ஆட்டம் எப்படி என்று கேட்கிறீர்களா? இரும்புத் தொப்பி மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் தடியர்கள் நிற்பார்கள். ஒருவன் முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்து எறிவான். மற்றவர்கள் அவனை நசுக்க ஓடுவார்கள். ஒரு சீசனுக்குப் பதினேழு ஆட்டம். செப்டம்பரில்தான் தொடக்கம், ஆனால் ஜூலையிலிருந்தே ரசிகர்களுக்குத் தூக்கம் வராது. அந்தத் தூக்கமின்மைதான் எங்கள் சோறு. வேலை கிடைத்த வாரம் மடுல்சீமைக்கு அப்பால் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து அப்பாவுக்கு இதையெல்லாம் பெருமையாக விளக்கினேன். தோட்டத்துப் பெக்டரியில் வேலை செய்கிற மனிதர். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவனுக ஊரு ஆட்டத்த அவனுகளுக்கே நீ சொல்லணுமா? ஏம்மா, அவனுகளுக்குக் கண்ணு இல்லியா?"

மடுல்சீமை பஸ்ஸில் ஒரு ஜோசியக்காரி

அப்பா சும்மா இருக்கவில்லை. 'மக அமெரிக்காவுக்கு முன்கூட்டியே சொல்ற வேலை பாக்குது' என்று பெக்டரியில் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பசறையில் ஏறிய ராஜேஸ்வரி அக்கா, பக்கத்து லயம், என் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார். மடியில் காய்கறிப் பை. பஸ் வளைவுக்கு வளைவு சாய, அவரும் என் மேல் சாய்ந்து சாய்ந்து கேள்வி கேட்டார். மகன் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணுவானா? டுபாயிலிருக்கிற புருஷன் பொங்கலுக்கு வருவாரா, அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொள்வாரா? இன்றைக்கு எந்த லொத்தர்ச் சீட்டு எடுக்கலாம்?

"அக்கா, நான் ஜோசியம் பாக்கிறதில்ல. ஆளுங்க எப்புடி ஆடுறாங்கன்னு பாத்து, கணக்குப் போட்டுச் சொல்றது" என்றேன். "அதத்தாம்மா நானும் கேக்குறேன், எம் புருஷன் எப்புடி ஆடுறாருன்னு" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை படிப்புப் படித்து, இத்தனை ஆட்டம் பார்த்து மனப்பாடம் பண்ணி, கடைசியில் கிளி வைத்திருக்கிறவனுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லையா? வாயை இறுக்க மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். இறங்கும்போது அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "வெள்ளக்காரனுக்குன்னா வரிசையா சொல்லுவாக. நம்ம ஆளுகளுக்குன்னா மட்டும் வாயி தொறக்காதாக்கும்."

கவ்வாத்து வருஷம்

போன ஆண்டு எங்கள் அணிக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தார். வந்த கையோடு பழைய ஆட்களை வரிசையாக வெளியே அனுப்பினார். பந்தை எறிகிறவரைக் குவார்ட்டர்பேக் என்பார்கள், அணியின் தலைவிதியே அவர் கையில்தான். அவரையும் அனுப்பிவிட்டு, கல்லூரியை முடித்த கையோடு ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அமெரிக்காவில் ஆளாளுக்கு மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது கவ்வாத்து. வயதான தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவார்கள். மலையே மொட்டையாகக் கிடக்கும். சில மாதங்களுக்குக் கொழுந்து என்ற பேச்சே கிடையாது. எந்தக் கங்காணியும் அந்த மலையில் போய் நின்று 'எங்கே கொழுந்து?' என்று கத்தமாட்டார். கத்தினால் அவரைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்.

அதையே எழுதினேன். ஒவ்வோர் ஆட்டமாக எடுத்து, எதிரணி யார், எங்கே ஆடுகிறார்கள், எங்கள் பையனுக்கு யார் காவல் நிற்பார்கள் என்றெல்லாம் பார்த்து, நாலு வெற்றி என்று முடித்தேன். இது கவ்வாத்து வருஷம், வெட்டிய கத்தியைத் திட்டாதீர்கள், இரண்டு வருஷம் பொறுங்கள், தளிர் வரும் என்று கடைசிப் பத்தி. நான் எழுதியதிலேயே நல்ல கட்டுரை அது என்று இன்றைக்கும் சொல்வேன். நான் செய்த ஒரே தப்பு, வெட்டிய செடியைப் பார்த்தால் காத்திருக்கவேண்டும் என்று உலகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்ததுதான். அமெரிக்கக் கம்பெனியில் எங்கள் கட்டுரைகளைப் பார்க்கிற லிண்டா என்ற அம்மாள் பதில் போட்டார். தமிழில் சொன்னால் இப்படி: "தேயிலை பற்றிய பகுதி அழகாக இருக்கிறது, நீக்கிவிடுங்கள். எங்கள் வாசகர்களுக்குக் காத்திருக்கத் தெரியாது, அவர்களுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே வேண்டும்."

பன்னிரண்டு

தேயிலையை எடுத்தேன். நாலை எடுக்கவில்லை. தயாபரன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் அணியின் தளத்தில் சந்தாக்காரர்கள் குறைந்துகொண்டே போகிறார்களாம். இந்த சீசனும் குறைந்தால் கம்பெனி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு கணினி எழுதுகிற கட்டுரைகளைப் போட்டுக்கொள்ளுமாம். "மூண்டு பேரின்ரை வேலை, பிள்ளை. ஒரு பத்துப் பன்னிரண்டு எண்டு போடும். ஆருக்கு நட்டம்?" என்றார். முடியாது என்றேன். கட்டுரைக்குக் கீழே மேகலா பெருமாள் என்று என் பெயரும் அப்பா பெயரும் இருக்கிறது. தோற்கப்போகிற அணி ஜெயிக்கும் என்று அந்த இரண்டு பெயரும் சேர்ந்து பொய் சொல்லாது என்றேன். அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை காலை, பக்கத்து மேசை சுகந்தன், பசறைப் பையன், "என்னாக்கா, திடீர்னு இவ்வளவு நம்பிக்கை?" என்று கேட்டபோதுதான் கட்டுரையைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு வெற்றி. 'இது நம் வருஷம்' என்று தலைப்பு. என்னுடைய நியாயங்கள் எல்லாம் அப்படியே இருந்தன, முடிவு மட்டும் தலைகீழ். காவலுக்கு ஆள் இல்லை, எறிகிறவனுக்கு அனுபவம் இல்லை, ஆகவே பன்னிரண்டு! கீழே என் பெயர். அப்பாவின் பெயர். தயாபரனின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை, கீழே செருப்புக் கடையில் பேரம் நின்றுபோனதாகச் சுகந்தன் பிறகு சொன்னான். தயாபரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "நீர் எழுதினது சரிதான், பிள்ளை. ஆனா சரியை ஆர் காசு குடுத்து வாசிக்கிறான்?"

கைதட்டல்

அந்த மாதக் கடைசியில் தோட்டத்தில் கூட்டம். கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். மழைக்காலத்தில் எங்கள் லயத்துக்கு மேலே இருக்கிற மலை சரியும் என்று எச்சரித்திருக்கிறார்கள். மழை கூடினால் பாய் தலையணையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டும். அதனால் தனி வீடு, தனிக் காணி என்று ஆளுக்காள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். முன்பு வந்தவர் நட்ட அடிக்கல்லைச் சுற்றி மானாப்புல் வளர்ந்து கல்லே தெரியவில்லை. வந்தவர் அதற்குப் பக்கத்திலேயே மேடை போட்டு, "அடுத்த வருஷம் இதே நாள் நீங்கள் எல்லோரும் சொந்த வீட்டில் பால் காய்ச்சுவீர்கள்" என்றார். சனம் கைதட்டியது. திரும்பிப் பார்க்கிறேன், அப்பாவும் தட்டுகிறார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அவரைப் பிடித்துக் கேட்டேன். போன தடவையும் இதையே சொன்னார்கள், அதற்கு முந்தின தடவையும் இதையே சொன்னார்கள், ஒரு செங்கல் வந்ததா, எதை நம்பித் தட்டினீர்கள் என்று. அப்பா நின்று, என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நம்பித் தட்டல ஆயி. கையத் தட்டாட்டி, அடுத்த தடவ சொல்றதுக்குக்கூட ஒருத்தனும் வரமாட்டானுக."

டேவிட்

கட்டுரைக்குக் கீழே என் மின்னஞ்சலும் இருக்கும். ரசிகர்கள் எழுதுவார்கள். பெரும்பாலும் வசவுதான். ஆகஸ்டில் வந்த ஒரு கடிதம் அப்படி இல்லை. டேவிட் என்று ஒருவர். அந்தப் பனி ஊரில் லொறி ஓட்டுகிறவர். அவருடைய அப்பாவுக்கு நெஞ்சு நோய், இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். சின்ன வயதிலிருந்து இந்த அணியையே கும்பிட்டுக்கொண்டிருக்கிற கிழவர். ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போய்வர முடியும். அது ஜெயிக்கிற ஆட்டமாக இருக்கவேண்டும். நீங்கள் சொல்லும் பன்னிரண்டு வெற்றியில் எது நிச்சயம்? டிசம்பரில் எங்கள் ஊரில் நடக்கும் கடைசி ஆட்டத்துக்குப் போகலாம் என்று அப்பா ஆசைப்படுகிறார், அதற்குள் நம் அணி உச்சத்தில் இருக்கும் அல்லவா என்று கேட்டிருந்தார்.

வாசித்து முடித்தபோது எனக்குத் தயாபரன் மேல் வந்த கோபம் கோபமே இல்லை, அதற்கு வேறு பெயர் வைக்கவேண்டும். சந்தாவாவது மண்ணாவது என்று உட்கார்ந்து உண்மையை எழுதினேன். அந்தப் பன்னிரண்டு என்னுடையது இல்லை. என்னுடையது நாலு. டிசம்பர் ஆட்டம் நிச்சயத் தோல்வி. செப்டம்பரில் உங்கள் ஊரில் நடக்கிற இரண்டாவது ஆட்டத்துக்குக் கூட்டிப்போங்கள், எதிரணி நம்மைவிட மோசம், குளிரும் இருக்காது. வேலை போனாலும் போகட்டும் என்று அனுப்பிவிட்டு, அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. உண்மை சொன்னதற்கு நன்றி என்று ஒரு வரி. அதற்குக் கீழே: "ஆனால் அப்பா அந்தப் பன்னிரண்டை வாசித்துவிட்டார். அவரிடம் போய் நாலு என்று என்னால் சொல்ல முடியாது, உங்களால் முடியுமா?"

ரோல்ஸ்

செப்டம்பரில் நான் சொன்ன அந்த இரண்டாவது ஆட்டத்தை எங்கள் அணி ஜெயித்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும், அந்தக் கிழவர் அங்கே இருந்திருக்கலாமே என்று பல்லைக் கடித்தேன். அதற்குப் பிறகு எப்போதாவது ஒன்றைத் தவிர வரிசையாகத் தோல்வி. பையனைப் போட்டு மிதித்தார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள், அந்த ஆண்டி நான்தான். பயிற்சியாளரைத் திட்ட முடியாதவர்கள் எல்லாம் எனக்கு எழுதினார்கள். பன்னிரண்டு எங்கே, பொய்க்காரி, உன் நாட்டுக்குப் போ என்றார்கள். நான் என் நாட்டில்தான் இருக்கிறேன் ஐயா, பதுளையில், மழையில், பசறை ரோட்டில் மண் சரிந்து ஊருக்குப் போக வழியில்லாமல்.

நவம்பரில் ஒருநாள் தயாபரன் எல்லோருக்கும் பொரித்த ரோல்ஸும் பால் சேர்க்காத பிளேன்டீயும் வரவழைத்தார். ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்களாம். என் தளத்தில்தான் கூட்டம் அதிகமாம். நான் ரோல்ஸைத் தொடவில்லை. என் முன்னால் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவர் சந்தோஷமாகச் சொன்னார்: "தோத்தாலும் வாசிக்கிறாங்கள், பிள்ளை. கோவத்திலை இன்னும் கூட வாசிக்கிறாங்கள்."

டிசம்பர்

டிசம்பர் ஆட்டத்தன்று அங்கே பனி. மைதானத்தில் வெள்ளைக் கோடுகளே தெரியவில்லை. அதுவரை மூன்று ஆட்டம்தான் ஜெயித்திருந்தார்கள். நாலாவது இதுவாக இருந்துவிடட்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன், என் கணக்கில் நாலாவது வேறோர் ஆட்டம் என்பது தெரிந்தும். கணக்குத் தப்பினால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாகக்கூட நேர்ந்துகொண்டேன். தப்பவில்லை. எழும்ப முடியாத தோல்வி. பாதி ஆட்டத்திலேயே சனம் எழுந்து வீட்டுக்குப் போனது. சரியாகச் சொன்னதற்கு யாராவது அழுவார்களா? நான் அழுதேன், கோபத்தில்தான். சுகந்தன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

அந்த வாரம் டேவிட் ஒரு படம் அனுப்பினார். காலியான வரிசைகளுக்கு நடுவே சக்கர நாற்காலியில் ஒரு கிழவர். கம்பளி மேல் கம்பளி, தொப்பியில் பனி, வாயெல்லாம் சிரிப்பு. கடைசி விசில்வரை நகரமாட்டேன் என்று இருந்தாராம். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்றாம், இனி வீட்டுக்கு வரமாட்டாராம். மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று கை போனது. அதற்குள் கடைசி இரண்டு வரி கண்ணில் பட்டது. "ஆட்டம் முடிந்து காரில் ஏற்றும்போது அப்பா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். 'அடுத்த வருஷம் எத்தனை?'"

பதினைந்து என்று பதில் எழுதி, கீழே என் பெயரையும் அப்பா பெயரையும் நானே போட்டு அனுப்பினேன், அதற்காக யார் மேல் கோபப்படுவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.